குளத்தின் மீதிப் பாதி

மழை விட்டதும், பெரியவர் மடக்கு நாற்காலியைக் குளக்கரையில் விரித்து உட்கார்ந்தார்.

மருமகள் குடையுடன் பக்கத்தில் நின்றாள். வழக்கமாக அவர் தனியாகத்தான் வருவார். மணியடிக்காமல் வந்த சைக்கிள்காரன் ஒருவன் போன வாரம் அவரை இடித்துத் தள்ளியதிலிருந்து, மகன் துணையில்லாமல் அனுப்புவதில்லை.

வழியெல்லாம் மருமகள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். பாதிதான் விளங்கியது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் வார்த்தைகளை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கிவிடுகிறார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று தலையாட்டி வைத்தார்.

வேலையில் இருந்த காலமெல்லாம் அச்சு இயந்திரம் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு இந்தக் குளம்.

இங்கே ஒரு தவளை உண்டு. விரல் நகம் அளவுதான் இருக்கும். அதை யாரும் வேட்டையாடுவதில்லை, யாரும் படம் பிடிப்பதுமில்லை. கண்ணுக்குச் சிக்காது. குரலை வைத்துத்தான் இருக்கிறதா என்று சொல்ல முடியும். காட்டுயிர் அலுவலகத்தில் ஆள் போதாது. பக்கத்தில் குடியிருப்பவர்கள் மழைக்காலத்தில் போய்க் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்கள். கூட்டத்தில் முதலில் கை தூக்கியவர் இவர்.

முதல் வருடம், உள்ளங்கையில் கண்ணாடி மணிகளை உருட்டுவது போலக் கேட்டது. அடுத்தடுத்த வருடங்களில் மெலிந்தது. போன வருடம் ஒன்றுமே இல்லை. மழைக்காலம் முழுக்க ஒரு மாலைகூட விடாமல் வந்து உட்கார்ந்து பார்த்தார். இல்லை.

இல்லை என்றே சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று அலுவலகத்தில் அவருக்குப் பெயர். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

அந்தச் சொல்லை நம்பித்தான் குளத்தின் கிழக்குப் பாதியை விட்டுக்கொடுத்தார்கள். இப்போது அங்கே சிமென்ட் தளம். கார்கள் வரிசையாக நிற்கின்றன.

மீதிப் பாதிக்கு இன்றுதான் கடைசி மாலை. ஒரு குரல், ஒரே ஒரு குரல் கேட்டுவிட்டால் போதும், நாளைக்கு மண் லாரி வராது.

உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். மருமகள் பேச்சை நிறுத்தினாள்.

கண்ணை மூடி, மூச்சை அடக்கிக்கொண்டார்.

தூரத்து மேட்டில் லாரி ஒன்று திணறி ஏறியது. வானம் ஒருமுறை உறுமி அடங்கியது.

அவ்வளவுதான். ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி குளம் வாயடைத்துக் கிடந்தது.

வாயைத் திறந்து தொலையுங்களேன் என்று மனதுக்குள் தண்ணீரைத் திட்டினார். கெஞ்சிக்கூடப் பார்த்தார்.

இருட்டத் தொடங்கியது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அலுவலகம் போட்டுக் கொடுத்த செயலியில் இரண்டே பொத்தான்கள்: உண்டு, இல்லை. அவருடைய கட்டைவிரல் ‘இல்லை’க்கு மேலே போய் நின்றது. பெற்ற பிள்ளைக்குத் தன் கையாலேயே கொள்ளி வைக்கச் சொன்னது போலிருந்தது.

மருமகளின் முழங்கை அவர் தோளில் இடித்தது.

திரும்பிப் பார்த்தார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முகத்தைச் சுளித்து, அவள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டிருந்தாள்.

எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. அவள் குனிந்து அவர் காதருகே வாயை வைத்துக் கத்தினாள்.

“தவளைங்க போடுற இந்தக் காட்டுக் கத்தலுக்கு நடுவுல என்னத்த மாமா தனியா கேக்கப் போறீங்க?”

பெரியவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் விளையாடவில்லை.

கட்டைவிரலை எடுத்துவிட்டு, போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, கிழக்கே கார்கள் நிற்கும் சிமென்ட் தளத்தைப் பார்த்தார்.

போன மழைக்காலத்தில் அந்தப் பக்கமும் இப்படித்தான் அமைதியாக இருந்தது.