விட்டுப்போன இரண்டு

"அம்மா, இன்னிக்கும் மிஸ்ஸு தப்புன்னு சுழிச்சிட்டாங்க!" போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நோட்டை விரித்தாள் ஹெலன்.

"எந்த சமன்பாடு?"

"அதேதாம்மா. சல்பியூரிக் ஆசிட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும்."

மறுமுனையில் அம்மா பெருமூச்சு விட்டாள். அம்மா ரூத், செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஊரார் பிள்ளைக்கெல்லாம் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். பெற்ற பெண் பத்தாம் வகுப்பில் ஒரே சமன்பாட்டோடு மூன்று நாளாக முட்டிக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

தன் தம்பி கல்யாணத்துக்குக்கூட வராமல், மாமல்லபுரத்து ஹோட்டலில் நீச்சல் குளம் பராமரிக்கும் வேலையே கதியென்று புருஷன் கிடந்துவிட்டான் என்ற கோபத்தில் தாய்வீட்டுக்குப் போனவள். நான்கு மாதமாகிறது. பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம்தான். வீம்பு ஏறவிட்டால்தானே! அப்பா ஜெபசிங் கூப்பிட்டால் எடுப்பதே இல்லை. ஹெலனிடமும், 'சாப்ட்டியா, படிச்சியா' என்று இரண்டே நிமிடம். பாடத்தில் சந்தேகம் என்றால் மட்டும் எவ்வளவு நேரமானாலும் பேசுவாள்.

"ஆசிட்ல ஹைட்ரஜன் எத்தினி?"

"ரெண்டு."

"அதுக்கு ஈடா சோடியம் ஹைட்ராக்சைடு?"

"ரெண்டு. தண்ணிக்கும் ரெண்டு."

"வாயில எல்லாம் வருது. நோட்டுல மட்டும் ரெண்டு எங்கடி போவுது?"

"நேத்து நீ சொன்னப்பவே போட்டேம்மா, சத்தியமா! கிளாஸ்ல தொறந்து பாத்தா காணோம்."

அப்பா கையில் கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஏம்ப்பா, தெனம் குளத்துல ஆசிட்டும் சோடாவும் கொட்றியே, நீயே சொல்லிக் குடுக்கக் கூடாதா?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் கைக்கணக்குல கொட்றவன். நீ அம்மாவையே நல்லா கேளு. மெதுவா கேளு, அவசரமில்ல."

ஹெலன் போனை அப்பா பக்கம் நகர்த்திப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்களா? தினமும் சாப்பாட்டு நேரத்தில் அப்பா மூன்று தட்டு எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப உள்ளே வைப்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை முட்டும்.

"எப்பம்மா வூட்டுக்கு வருவ?"

"மொதல்ல அந்தப் பக்கத்த கிட்டப் புடிச்சி போட்டோ எடுத்து அனுப்பு."

அனுப்பினாள்.

"அம்மா, லைன்ல கீறியா?"

"கீறேன்."

"பென்சில்ல எழுதறதால கலைஞ்சி பூடுதோ இன்னாவோ. இன்னிலேர்ந்து பேனாவுல எழுதிடட்டாம்மா?"

"வேணாண்டி கண்ணு. பென்சில்லயே எழுது. பேனாவுல எழுதினா உங்கப்பா எப்படி அழிப்பாரு?"