மெட்ராஸ் ஐ

விமானம் மாலத்தீவை விட்டுக் கிளம்பி அரை மணி ஆகியும் ராஜசேகர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு இருக்கையில் பாதி ஆளாகச் சரிந்து கிடந்தான். பணிப்பெண் குனிந்து, கண்ணில் ஏதாவது தொந்தரவா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"ஆமான்னு சொல்ல வேண்டியதுதானே. கம்பெனி பூரா அதைத்தானே சொல்லி வச்சிருக்க" என்றாள் சுகப்பிரியா, சாண்ட்விச்சைப் பிரித்தபடி.

ஒரகடத்துத் தொழிற்சாலையில் அவள் கணவன் ஷிப்ட் சூப்பர்வைசர். புது லைன் ஓடத் தொடங்கும் மாதம் என்பதால் ஒருவருக்கும் லீவு கிடையாது என்று மேலிடத்து உத்தரவு. உடம்புக்கு முடியவில்லை என்றாலோ வீட்டில் சாவு விழுந்தாலோ மட்டும்தான் விடுவார்கள்.

கல்யாணமானதிலிருந்து தள்ளிப்போய்க்கொண்டே இருந்த தேனிலவுக்கு, சுகப்பிரியாவின் அண்ணன் நாகப்பன் அந்த மாதம் பார்த்துத்தான் டிக்கெட் போட்டுக் கையில் கொடுத்தார். கடலுக்கு நடுவே மரக்கால்களின் மேல் குடில், காலடியில் கண்ணாடித் தரை, அதற்குக் கீழே கலர் கலராக மீன். வேண்டாம் என்று சொல்ல ராஜசேகருக்கு வாய் வரவில்லை.

யோசித்து யோசித்துத்தான் மெட்ராஸ் ஐ என்று முடிவு செய்தான். காய்ச்சல் என்றால் யாராவது பிரட்டும் ஆரஞ்சுமாகக் குன்றத்தூர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். மெட்ராஸ் ஐக்கு ஒருத்தரும் தெருப்பக்கம்கூட வர மாட்டார்கள். கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் விஷயத்தைப் போட்டுவிட்டு போனை அணைத்தவன், தீவில் இருந்த நாளெல்லாம் அதைத் தொடவே இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் போனது, விமானத்தில் ஏறும்வரை. மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார் பிளான்ட் மேனேஜர் வனமாமலை.

புது லைனுக்கு யாரை இன்சார்ஜாகப் போடுவது என்று முடிவு செய்யப்போகிறவர் அவர். அந்த வேலைக்காக ராஜசேகர் ஞாயிறு, தீபாவளி என்று பார்க்காமல் ஓடி ஓடி உழைத்திருந்தான். மேனேஜருக்கு என்ன, கேட்டதும் லீவு கொடுத்திருப்பார்கள். மாட்டிக்கொண்டவன் தான்தான் என்று நினைத்தபடி அவன் இருக்கையில் இன்னும் கீழே சரிந்தான்.

சுகப்பிரியா கைகழுவப் போகிறேன் என்று எழுந்து போனவள், சாவகாசமாக ஊர்க்கதை பேசிவிட்டுத் திரும்பினாள். மேனேஜருக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் ஒரு வயதான அம்மா இருந்தாராம். பட்டுப் புடவைக்கு மேல் சிப்பி மாலை, தலையில் ஓலைத் தொப்பி. குடிலிலிருந்து கடலுக்குள் சறுக்கிவிடும் சறுக்குமரத்தில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாராம். நன்றாக இருந்ததால் இன்னொரு தடவையும் இறங்கினாராம்.

"உங்க சார் அவங்கம்மாவை நல்லா பாத்துக்கிறாரு. அந்தம்மாவும் பாரேன், பெத்த புள்ளையைக்கூட வாய் நெறைய 'அவுக, இவுக'ன்னுதான் சொல்றாங்க. தெக்கத்தி ஆளுங்க மரியாதையே தனி."

அந்த மரியாதையில் ராஜசேகருக்கு அக்கறை இல்லை. சார் இவளைப் பார்த்தாரா என்பதுதான் அவன் கவலை. அவர் இவர்கள் கல்யாணத்துக்கு வந்து மொய் வைத்து, மேடையில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டவர்.

"பாத்தாரு. ஒடனே போர்வையை இழுத்துப் போத்திக்கினு தூங்கிட்டாரு" என்றாள் சுகப்பிரியா.

மீனம்பாக்கத்தில் இறங்கியதும், கூட்டமெல்லாம் போன பிறகு கடைசி ஆளாக நழுவிவிடலாம் என்று ராஜசேகர் உட்கார்ந்தே இருந்தான். என்ன சோதனையோ, வனமாமலையும் எழுந்திருக்கவில்லை. விமானமே காலியாகி, பணிப்பெண் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். பொறுக்கமாட்டாமல் ராஜசேகர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி வெளியே ஓடினான்.

ஓடி என்ன பயன்? பெட்டி வரவில்லை. பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, படபடப்பை மறைக்க போனை ஆன் செய்தான். அடைத்து வைத்திருந்த செய்திகளெல்லாம் டொக் டொக்கென்று கொட்டத் தொடங்கின.

அதற்குள் ஓலைத் தொப்பி அம்மா சுகப்பிரியாவைக் கண்டுபிடித்துவிட்டார். சிப்பி மாலை குலுங்கச் சிரித்துக்கொண்டே அவர் வர, வேறு வழியில்லாமல் பின்னாலேயே வந்தார் வனமாமலை. அவருடைய மனைவி டிராலி எடுக்கப் போயிருந்தார்.

இனி ஒளிய இடமில்லை. ராஜசேகர் கண்ணாடியைக் கழற்றினான். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. கண்கள் மட்டும் பால் போல வெள்ளையாக இருந்தன.

"கண்ணு... பரவால்லயா, ராஜசேகர்?" என்றார் வனமாமலை. அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

ராஜசேகர் தலை குனிந்தபோது கையிலிருந்த போன் கண்ணில் பட்டது. குரூப் முழுக்கக் கைகூப்பிய படங்கள். அதற்கெல்லாம் மேலே, லைனில் வேலை பார்க்கும் பிச்சையா போட்டிருந்த இரங்கல் செய்தி. படித்ததும் தன் பயமெல்லாம் அவனுக்கு மறந்துபோனது. பாவம் மனுஷன், சந்தோஷமாகப் போன இடத்தில் சேதி கேட்டு அடித்துப் பிடித்து ஓடி வருகிறார்போல.

தொப்பியை எடுத்துவிட்டு, உண்மையாகவே மனம் இளகிக் கைகூப்பினான்.

"இப்பதான் சார் பாத்தேன். உங்க மாமியார் தவறிட்டாங்களாமே. நீங்கதான் சார் மனசைத் தேத்திக்கணும்."

வனமாமலையின் முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்திலிருந்த அம்மா ஓலைத் தொப்பியை மெல்ல மேலே தள்ளிவிட்டு, அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் எப்பம் மாப்ளே செத்தேன்?"