குழாய்க்குப் பந்தல்

பூமிக்கு அடியில் ஓடுகிற குழாய்க்கு எதற்குப் பந்தல்?

எதிரில் இருந்த செலவு அறிக்கையைப் பார்த்து எழுந்த இந்தக் கேள்வியை ரமாபாய் வாய்விட்டுக் கேட்கவில்லை. பதினொரு வருடமாக அந்த அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள், பாதிக் கேள்விகளை மனசுக்குள்ளேயே கேட்டுப் பழகிவிட்டாள்.

"இன்னும் என்னத்தம்மா யோசிக்கே? அஞ்சு மணிக்குள்ள டெல்லிக்கு அனுப்பியாகணும். கையெழுத்தப் போட்டுரு தாயி" என்றார் முதலாளி சண்முகவேல்.

எண்ணூரில் கப்பல் இறக்கும் எண்ணெய், அவருடைய குழாய் வழியாகத்தான் தண்டையார்பேட்டைக் கிடங்குக்கு வருகிறது. அதற்கு எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்று தீர்மானிப்பது டெல்லியில் இருக்கும் வாரியம். வருடா வருடம் செலவு அறிக்கை அனுப்ப வேண்டும். செலவு கூடினால் கட்டணமும் கூடும். இந்த வருடம் செலவு கூடியிருந்தது. முதலாளியின் மகளுக்குத் தூத்துக்குடியில் கல்யாணம் நடந்திருந்தது.

அதுவரை வாசலில் நின்றிருந்த டெரிக், அவள் தோளுக்குப் பின்னால் வந்து அறிக்கையை எட்டிப் பார்த்தான். ராயபுரத்துக்காரன். குழாய் போகும் வழியெல்லாம் நடந்து கசிவு பார்ப்பது அவன் வேலை.

"யக்கா, இன்னாக்கா இது? 'ரோந்து வாகனம், குளிர்சாதன வசதியுடன், ஒன்று.' ரோந்து நான்தானே போறேன்? தெனிக்கும் எட்டு கிலோமீட்டரு நடந்து செருப்பு தேஞ்சுகினு கீது. காரு எங்க கீது?"

"மாப்பிள்ளை வூட்டுல கீது" என்றாள் ரமாபாய் மெதுவாக.

"இது? 'கசிவு எச்சரிக்கை ஒலி அமைப்பு'?"

"நாதஸ்வரம், தவுல்."

டெரிக் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான். சிரிப்பில் தோள்கள் குலுங்கின.

"லேய், ஒனக்கு இங்க என்ன சோலி? போய்க் குழாயப் பாரு" என்று அதட்டினார் சண்முகவேல்.

"பந்தல் போட்டுக் கீறீங்களே சார், நெழலா இருக்கும். இதோ போறேன்" என்றவன், நகரும் முன் ரமாபாயின் காதருகே குனிந்தான். "யக்கா, போட்டுடாத. மாட்டிக்கினா நீதான் கம்பி எண்ணணும். அவரு குந்திகினு கல்யாண ஆல்பம் பாப்பாரு."

அது அவளுக்கும் தெரியும். அறிக்கையின் அடியில், 'மேற்கண்ட அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்' என்று இருந்தது. அந்த ஒரு வரியை நான்கு முறை படித்துவிட்டாள். போட்டால் ஜெயில். போடாவிட்டால் வேலை போகும். புளியந்தோப்பு வீட்டில் மகள் மகிழினி நர்சிங் இரண்டாம் வருடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். அந்த வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் இதுதான். இரண்டு பயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஆச்சரியமாக, இரண்டுக்கும் நடுவில் சிரிப்புதான் வந்துகொண்டிருந்தது. தவுல் அடித்தால் கசிவு நின்றுவிடுமா?

சண்முகவேல் எழுந்து மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார். டீயைக்கூட அவரே நகர்த்தி வைத்தார்.

"சூடு ஆறுதும்மா. குடிச்சிட்டுப் போடு."

"நீங்களே போட்டுடுங்களேன் சார்."

"நான் போட்டா செல்லாதும்மா. ஒனக்குத் தெரியாததா? டெல்லிக்காரனுவ இதையெல்லாம் எங்க படிக்கப் போறானுவ?"

"படிக்க மாட்டாங்கன்னா நெசத்தையே எழுதி அனுப்பலாமே சார்."

சண்முகவேலின் முகம் சிவந்தது.

"நாலு எழுத்து தெரிஞ்சிட்டா இந்தத் திமிரு வந்துருது. கடைசியாக் கேக்கேன். போடுவியா, மாட்டியா?"

"மாட்டேன் சார்."

"அப்போ நாளையில இருந்து வராத. ஒன்னைய வேலைய விட்டுத் தூக்கியாச்சு."

"வாயால சொன்னா எப்படி சார்? பதினோரு வருச சர்வீஸு. எழுத்துல குடுங்க."

"தாரேன். போ, ஆர்டரை அடிச்சுக் கொண்டா!"

அலுவலகத்தில் தட்டச்சு தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். 'முதலாளியின் சொல்லைக் கேளாமை' என்பதைக் காரணமாக அடித்தாள். எப்போதும் போலத் தேதி, எண், பொருள் எல்லாம் ஒழுங்காகப் போட்டாள். இவ்வளவு உண்மையான ஒரு கடிதத்தை இந்த அலுவலகத்தில் அவள் அடித்து வெகுகாலம் ஆகிவிட்டது.

நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில் எடுத்து வந்து அவர் முன் வைத்தாள்.

சண்முகவேல் ஒரு வரி விடாமல் படித்தார். திருப்தியோடு தலையசைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்ததும் பேனா அந்தரத்தில் நின்றது.

மூன்று வருடத்துக்கு முன், வங்கி வழக்குக்குப் பயந்து, தன் பெயரை எடுத்துவிட்டு அவரே அரசாங்கத்தில் பதிவு செய்துவைத்த பெயர் அங்கே இருந்தது: 'பி. ரமாபாய், நிர்வாக இயக்குநர்.'

சண்முகவேல் பேனாவை மெல்ல அவள் பக்கம் நீட்டினார்.

"மன்னிச்சுக்கங்க சார். இதுலயும் நான் போட மாட்டேன்" என்றாள் ரமாபாய்.