இரண்டு வெட்டுச் சாவி

கல்லறைத் தோட்டத்தின் கடைசி வரிசைக்கு வந்ததிலிருந்து அவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

முன் வரிசைகளில் இப்படி இல்லை. அங்கே இருநூறு வருஷத்துக்கு முந்தைய கப்பல் தலைவர்களும் வியாபாரிகளும் அவர்களுடைய பச்சைக் குழந்தைகளும் பளிங்குக்கு அடியில் ஜம்மென்று படுத்திருந்தார்கள். உப்புக் காற்று எழுத்துகளைத் தின்றிருந்தாலும் அவள் விடவில்லை. கைக்கண்ணாடியால் வெயிலைப் பிடித்துக் கல்மேல் சாய்வாக விழ வைத்தால் போதும், மழுங்கிய எழுத்தும் எழுந்து வந்துவிடும்.

இரண்டு மாதமாக நகராட்சிப் பதிவேட்டில் கல்லறை கல்லறையாக எழுதுகிறாள். 'படிக்க இயலவில்லை' என்று ஒரு இடத்திலும் எழுதியதில்லை. காவலாளிக்கு அவள் கண்ணாடியக்கா.

கடைசி வரிசை கடல் சுவரை ஒட்டியது. கடல் கரையில் தள்ளிய, பேர் தெரியாத உடல்களுக்கானது. உடலோடு கிடைத்த பொருள் ஒன்றைக் குழி வெட்டுகிறவர்கள் ஈர சிமெண்டில் பதித்து வைப்பது இங்கே வழக்கம். யாராவது தேடி வந்தால் அடையாளம் தெரியட்டுமே என்றுதான். ஒரு பெல்ட் கொக்கி. ஒரு மோதிரம். எல்லாம் துருவும் பாசியுமாகப் பொரிந்து கிடந்தன.

அவள் இந்த வேலைக்கு வந்ததே இந்த வரிசைக்காகத்தான்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் மீன்பிடிப் படகில் போனான். படகும் வரவில்லை, அவனும் வரவில்லை. போன அன்று காலையில் அவளுடைய பென்சில் டப்பாவை மிதித்து உடைத்திருந்தான். அவளுக்குப் பதினோரு வயசு. வாசல்வரை துரத்திப் போய், போய்த் தொலை, திரும்பி வராதே என்று கத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே வீட்டுச் சாவியை விரலில் சுழற்றிக் காட்டிவிட்டுப் போனான்.

அப்புறம் அவள் சோறு தண்ணீர் இல்லாமல் அழுதபோது, நீ சும்மா சொன்னதெல்லாம் பலிக்காதுடி, அவன் வந்துடுவான் என்றாள் அம்மா. இன்றுவரை அதையேதான் சொல்கிறாள். வீட்டுப் பூட்டை மாற்றவும் விடுவதில்லை. அதைத் திறக்கத் தினமும் மல்லுக்கட்ட வேண்டும். ஆனால் வாயைத் திறந்தால் போச்சு, அவன்கிட்ட பழைய சாவிதானே இருக்கு என்று சண்டைக்கு வந்துவிடுவாள்.

போன் அடித்தது. அம்மாதான்.

"காலையில பல் விளக்க பிரஷ்ஷைத் தேடினியே, தேஞ்சு போச்சுன்னு நேத்து நான்தான் எடுத்தேன். வர்றப்ப புதுசு வாங்கிக்கோ."

"வாங்கிப் பத்து நாள்கூட ஆகலைம்மா! பிரஷ்ஷைத் திங்கிறியா நீ?"

அம்மா வைத்துவிட்டாள். அவளுடைய கிறுக்குகளில் இது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சந்தை இன்னொன்று. இரண்டு கட்டுக் கீரை வாங்க மூன்று மணி நேரம்! இந்த வேலை கிடைத்தபோதும், கல்லறைக்கெல்லாம் நீ போகவே கூடாது என்று ஒரு ஆட்டம் ஆடித் தீர்த்தாள்.

பன்னிரண்டாவது கல்.

இதற்குக் கண்ணாடியே வேண்டியிருக்கவில்லை. 'ஆண். சுமார் இருபது வயது. கறுப்புச் சட்டை.' அண்ணன் போன அதே வருஷம். எழுத்துக்கு அடியில், சிமெண்டில் பதித்த ஒரு பித்தளைச் சாவி. அதன் தலையில் அரத்தால் போட்ட இரண்டு வெட்டு.

வீட்டில் மூன்று சாவிகள். மாறிவிடக் கூடாதென்று அண்ணன்தான் வெட்டுப் போட்டான். அம்மாவுக்கு ஒன்று, தனக்கு இரண்டு, தங்கைக்கு மூன்று.

தன் சாவியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பல்லுக்குப் பல் ஒத்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒன்று மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. அம்மாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அன்றைக்கே அவள் உயிர் போய்விடும்.

பதிவேட்டைத் திறந்து, பன்னிரண்டாம் எண்ணுக்கு எதிரே 'படிக்க இயலவில்லை' என்று எழுதினாள். போதவில்லை. நாளைக்கு வேறு யாராவது வந்து படித்துவிட்டால்? ஈரமண்ணை ஒரு பிடி அள்ளி, சாவியின்மேல் பூசப் போனாள்.

கை பாதியில் நின்றது.

பதினாறு வருஷ உப்புக் காற்று. பக்கத்துக் கல்லில் கொக்கி துருப்பிடித்து உதிர்கிறது. இது மட்டும் ஏன் கடையில் வாங்கியதுபோல் மின்னுகிறது? சுற்றிலும் ஒரு புல்கூட இல்லையே?

கல்லுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் பச்சையாக எதுவோ தெரிந்தது. இழுத்தாள்.

பல் தேய்க்கும் பிரஷ். காம்பில், அம்மாவுடையதோடு மாறிவிடக் கூடாதென்று அவள் வைத்த நெயில் பாலிஷ் பொட்டு. அதற்கடியில் பழையவை கற்றையாகக் கிடந்தன. நீலம், ரோஸ், அவள் காலேஜ் போன காலத்து வெள்ளை. எல்லாவற்றிலும் அதே பொட்டு.

அவன்கிட்ட பழைய சாவிதானே இருக்கு.

அம்மா மாற்ற விடாத அந்தப் பூட்டு அண்ணனுக்காக இல்லை. 'திரும்பி வராதே' என்று கத்திய பதினோரு வயசுக்காரிக்காக.

மண்ணைக் கீழே போட்டுவிட்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்து, ஓவென்று அழுதாள். காவலாளி தூரத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

பிரஷ்களை இருந்த மாதிரியே அடுக்கி வைத்தாள். பதிவேட்டில் எழுதியதை அடிக்கவில்லை.

சாயங்காலம் கடையில் இரண்டு பிரஷ் வாங்கினாள். ஒன்று மிருதுவானது. இன்னொன்று, இருப்பதிலேயே கடினமானதாகக் கேட்டு வாங்கியது.

மிருதுவானதைத் தன் பைக்குள் ஒளித்துக்கொண்டாள். கடினமானதில் ஒரு பொட்டு வைத்து, வீட்டில் பிரஷ் வைக்கும் டம்ளரில், அம்மா எடுக்கத் தோதாக முன்னால் நிறுத்தினாள்.