சிரட்டையில் சீனித்தண்ணீர்

2024 ஜூலை 14, ஞாயிறு மாலை, சிதறாலில் மழை விட்டிருக்கிறது. ஞானையனும் மனைவி தேவகனியும் இலங்கைச் சுற்றுலா முடிந்து வீடு வந்து இறங்குகிறார்கள். நுவரெலியாவில் விடுதிக்கூரை ஒழுகியது, ஆனாலும் நல்ல உறக்கம். "அங்க கெடந்தும் இவருக்கு தேனீ நெனப்புதான்," என்று தேவகனி, இத்தனை நாளும் தேனீக்களைப் பார்த்துக்கொண்ட தன் தம்பி எட்சனிடம் சிரிக்கிறாள். ஞானையன் சட்டைகூட மாற்றாமல் ரப்பர் மரங்களுக்கிடையே தேனீப் பெட்டிகளை நோக்கி நடக்கிறார்; எட்சனும் பின்னால் போகிறான். இரைச்சலே இல்லை. இலைகளிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் கேட்கிறது. முதல் பெட்டியின் மூடியைத் தூக்குகிறார். உள்ளே தேங்காய்ச் சிரட்டை நிறைய சீனித்தண்ணீர். அதன்மேல் தேனீக்கள் செத்து, ஒன்றோடொன்று ஒட்டி, கறுத்த ஆடையாகப் படிந்திருக்கின்றன. வெறும் தேனடைகளில் எறும்பு ஊர்கிறது. "மழையில பட்டினி போடப்பிடாதுன்னு சொன்னியல்லா அத்தான், டெய்லி ரொப்பி வச்சேன். செத்துக் கெடந்தத கண்டு, பட்டினின்னு நெனச்சி இன்னும் ரொப்பினேன்," என்கிறான் எட்சன். "ஈர்க்கு போட்டியா மக்கா?" "என்ன ஈர்க்கு?" தேனீ மூழ்காமல் உட்கார்ந்து குடிக்க சிரட்டையில் இரண்டு ஈர்க்குச்சி மிதக்க வேண்டும். இத்தனை வருடமும் கை தானாகச் செய்த வேலை. போகும்போது சொல்லத் தோன்றவில்லை. "நான் சொல்லல்ல," என்கிறார் ஞானையன். எட்சன் கண்ணைத் துடைக்கிறான். அவர் அடுத்த மூடியைத் தூக்குகிறார், பிறகு அதற்கடுத்ததை. இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிடுகிறார். ஒரு பெட்டியிலும் உயிருள்ள தேனீ இல்லை.