கனடாச் சீனி பதினாறு

பாயாச வாளி மூன்று இலை தள்ளி வரும்போதே சண்முகநாதன் கப்பை எடுத்து முன்னால் வைத்துவிட்டார்.

கரவெட்டியில் பார்த்தீபன் கட்டிய புதுவீட்டின் குடிபூரல். பந்தலில் அவருக்குப் பக்கத்து இலை ஏரம்புவினுடையது. ஏரம்புவின் கால் பெருவிரலில் வெள்ளைத் துணிக்கட்டு. சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். பாவம், நாலு மாதமாக மனுசன் இனிப்பைக் கண்ணால் பார்ப்பதோடு சரி.

"சர்வேயர், உங்களுக்கும் சீனி வருத்தம் எல்லே?" என்றார் ஏரம்பு.

"ஓம். காலமையும் பாத்தனான். பதினாறு."

ஏரம்பு சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். அவருக்கு இருநூற்று முப்பது.

சண்முகநாதன் பெருமையை அடக்கவில்லை. மகள் ஆரணி கனடாவிலிருந்து அனுப்பிய, சீனி பார்க்கிற மெஷின். இங்கத்தைய மெஷின்கள் நூற்றுக்கணக்கில் காட்டிப் பயமுறுத்தும். கனடா மெஷின் பதினைந்து, பதினாறு என்று மரியாதையாக நின்றுவிடும். இந்த மூன்று மாதத்தில் இரண்டு கலியாணம், ஒரு சாமத்தியவீடு, ஒரு அந்தியேட்டி. ஒன்றிலும் அவர் பாயாசத்தை வேண்டாமென்றதில்லை.

ஊரும் நம்பியது. சொக்கிலேற், சென்ற் போத்தல், மாப்பிள்ளை என்று கனடாவிலிருந்து வந்த எதையும் ஊர் சோதித்துப் பார்த்ததில்லை.

அதுவும் சொல்கிறவர் யார்? முப்பது வருடம் காணி அளந்தவர். பரப்புக் கணக்கை ஏக்கருக்கும் ஏக்கரை ஹெக்டேயருக்கும் மாற்றி எத்தனையோ வேலிச் சண்டைகளைத் தீர்த்தவர். எத்தனை என்று மட்டும் சொல்லாதே, எதில் அளந்தாய் என்று சொல் என்று உதவியாட்களை விரட்டியவர்.

வாளியோடு பார்த்தீபனே வந்தான். கப் நிறைந்தது. ஏலக்காய் மணத்தது. சண்முகநாதன் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது ஏரம்புவும் கப்பை நீட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஊத்து தம்பி. பின்னேரம் சர்வேயற்றை மெஷினிலை பாப்பம். கனடாக் கணக்கிலை என்ரை விரல் தப்பியிடும்."

பார்த்தீபன் அகப்பையைச் சரித்தான்.

சண்முகநாதனின் கை தானாகப் போய் அந்தக் கப்பை மூடியது. சுடுபாயாசம் புறங்கையில் வழிந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

"ஊத்தாதை."

ஏரம்புவின் முகம் சுருங்கிப்போயிற்று. தான் மட்டும் குடித்துக்கொண்டு அடுத்தவனுக்குத் தடுக்கிற மனுசனை அவர் இன்றுதான் பார்க்கிறார்.

பந்தலே திரும்பிப் பார்த்தது. எதிர்வரிசையில் இருந்த சண்முகநாதனின் மனைவி குணலட்சுமியும் பார்த்தாள். அவளை மட்டும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. தினமும் காலையில், எவ்வளவு என்று கேட்டு, பதினாறு என்றதும் நிம்மதியாகத் தேத்தண்ணி போடப் போகிறவள்.

மற்றக் கையால் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளொன்றை எடுத்து ஏரம்புவின் இலையோரம் வைத்தார்.

மெஷின் வந்த முதல்நாளிலிருந்து ஒருநாள் விடாமல், சர்வேயரின் மணிமணியான எழுத்தில், திகதி, கனடாக் கணக்கு, அதைப் பதினெட்டால் பெருக்கி வந்த ஊர்க்கணக்கு.

கடைசி வரி இன்று காலையினுடையது. 16 × 18 = 288. அதன் கீழே அடிமட்டம் வைத்து இழுத்த இரண்டு கோடுகள்.

ஏரம்பு விரலை வைத்து மெல்ல வாசித்து முடித்தார்.

பிறகு சண்முகநாதனின் கப்பைத் தன் பக்கம் இழுத்து, அதன் மேல் தன்னுடைய உள்ளங்கையை வைத்து மூடினார்.