மேலே போகச் சொன்னது யார்

“மேலே போனா இறங்கியே ஆகணுமா அம்மா?”

மகள் சின்னவளாக இருந்தபோது கேட்டது. விமானியான அம்மா அன்று சிரித்து மழுப்பிவிட்டாள்.

இப்போது கேட்டிருந்தால் சிரித்திருக்க மாட்டாள்.

கீழே தூத்துக்குடி. உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாக மின்னின. காற்றாலைகள் தலைதெறிக்கச் சுற்றின. ஆடிக் காற்று ஒரே சீராக வீசினால் சமாளித்துவிடலாம். இது விட்டுவிட்டு அடித்தது. வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கும் பிள்ளையைப் போல.

இருக்கிற எரிபொருளுக்கு இரண்டு தடவை இறங்கிப் பார்க்கலாம். முடியாவிட்டால் மதுரைக்குப் போய்விட வேண்டும்.

பணிப்பெண் சுகந்தி பின்னாலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“மேடம், மூணாவது வரிசையில ஆவுடையப்பன்னு ஒரு அண்ணாச்சி. தங்கச்சி மகளுக்கு இன்னைக்கு மதியத்துக்குள்ள காது குத்தாம். தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணுமாம். மதுரைக்குப் போனா இங்கேயே குதிச்சிருவேங்கிறாரு.”

“குடை வச்சிருக்காரான்னு கேளு.”

வலது இருக்கையில் ஜெபசிங் சிரித்தான். துணை விமானி. கெட்டிக்காரன். இந்தக் காற்றுக்கு மட்டும் புதியவன்.

“என்ன ஜெபா, போவோமா?”

“காற்று எல்லைக்குள்ளதான் இருக்கு மேடம். போய்ப் பார்க்கலாம்.”

போனார்கள்.

திருவிழாக் கூட்டத்தில் தோளைச் சாய்த்து நுழைகிறவனைப் போல விமானம் காற்றுக்குள் ஒருக்களித்து இறங்கியது. ஓடுபாதை பெரிதாகிக்கொண்டே வந்தது. காற்றின் திசை காட்டும் துணிப்பை விறைத்து நின்றது. ஓரத்துப் புல் படுத்துக் கிடந்தது.

சக்கரம் தரையைத் தொடப் போகும் நேரம். ஒரு வீச்சு. இடது இறக்கை எழும்பியது.

அவள் கை அதை அமர்த்தியது.

அமர்ந்துவிட்டது. இறங்கிவிடலாம் என்று அவளுக்குத் தெரிந்தது.

“கோ அரவுண்ட்,” என்றான் ஜெபசிங்.

இறங்காதே, திரும்ப மேலே போ.

இருவரில் யார் சொன்னாலும் போக வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. ஒரு குரல் போதும். அதுதான் முறை.

அவள் விசையை முன்னே தள்ளினாள். விமானம் உறுமிக்கொண்டு எழுந்தது. பின்னால் யாரோ “முருகா” என்றார்கள். மூன்றாவது வரிசையாகத்தான் இருக்கும்.

மேலே வந்து நேரானதும் ஜெபசிங் கையைத் துடைத்துக்கொண்டான்.

“சாரி மேடம். அவசரப்பட்டுட்டேன். நீங்க இறக்கியிருப்பீங்க.”

“தண்ணி குடி. மறுபடி போவோம்.”

அவன் குடிக்கவில்லை. காது மடல் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பு அவளுக்குத் தெரியும். இதற்காக ஒருவன் ஒரு முறை கேலிக்கு ஆளானால் போதும். அடுத்த முறை, உண்மையாகவே சொல்லியாக வேண்டிய நேரத்தில், அவன் நாக்கு எழாது.

இனி ஒரே ஒரு முறை.

மனசுக்குள் அவள் திருச்செந்தூர்ப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். கையை எடுக்க முடியாது. முருகனுக்குத் தெரியாதா என்ன.

காற்று ஏதோ யோசனையில் இருந்தது போலிருக்கிறது. கொஞ்ச நேரம் மூச்சுப் பிடித்து நின்றது. ஒரு சக்கரம் தொட்டது. பிறகு மற்றொன்று. பின்னால் கைதட்டல், ஒரு விசில்.

விமானம் நின்றதும் ஜெபசிங் சக்கரங்களைப் பார்க்கக் கீழே இறங்கிப் போனான்.

ஆவுடையப்பன் அண்ணாச்சி வழியை விட்டு விலகி, விமானிகள் அறை வாசலில் எட்டிப் பார்த்தார். பட்டு வேட்டி. கையில் புது வெள்ளித் தட்டு.

“ஏம்மா, இறங்குன வண்டியைத் திரும்பத் தூக்கச் சொன்னது யாரு? சின்னப் பையன் ஒருத்தன் இருந்தானே, அந்தப் பயந்தாங்கொள்ளியா?”

“நான்தான் அண்ணாச்சி.”

“நீங்களா?” தட்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். “அப்போ சரியாத்தான் இருக்கும். பயந்து வர்றது ஒண்ணும் குத்தமில்லை தாயீ. காது குத்தையில நானே கண்ணை மூடிக்கிடுவேன்.”

“பிள்ளை அழுதா என்ன செய்வீங்க?”

“அவ எங்க அழப்போறா? போன தடவை மூத்தவளுக்குக் குத்துனப்போ நான்தான் அழுதேன்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கினார். விமானம் காலியானது.

அவளும் ஒரு காலத்தில் வலது இருக்கையில் இருந்தவள்தான். மழை நாளொன்றில் காரணமில்லாமல் பயந்து, இதே சொல்லைச் சொன்னாள். கேப்டன் ரோட்ரிகோ ஒரு வார்த்தை பேசாமல் மேலே ஏற்றினார். அன்று மாலை அலுவலகத்தில், யாரப்பா அது என்று நாலு பேர் சிரித்தபோது, நான்தான் என்றாராம். அவள் அப்போது அங்கே இல்லை. வெகுகாலம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

நன்றி சொல்ல அவர் வீடு தேடிப் போனாள். எந்த நாளைச் சொல்கிறாய் என்று கேட்டுவிட்டு, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார் மனிதர்.

ஜெபசிங் படியேறி வந்தான்.

“டயர் நல்லா இருக்கு மேடம்.” உட்காரத் தயங்கினான். “யாராவது ஏதாவது கேட்டாங்களா?”

“இல்லையே.”

உட்கார்ந்தான். தண்ணீர் குடித்தான். சென்னைக்குத் திரும்பும் பயணிகள் வெளியே வரிசையில் நின்றார்கள். சேலைகளும் துப்பட்டாக்களும் ஒரே திசையில் பறந்தன. அவள் புறப்பாட்டு வேலைகளைத் தொடங்க சுவிட்சில் கை வைத்தாள்.

அவன் புதிய காற்று நிலவரத்தை இரண்டு முறை படித்தான்.

“மேடம், இது கூடிட்டே போகுது. கொஞ்சம் பொறுத்துக் கிளம்பலாம்.”

அவள் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள்.